அலை பார்த்த கழுத்து

கோட்டைக்குப் புதிதாக ஒரு வைத்தியர் வந்திருக்கிறார். கழுத்து வலி என்று யார் போனாலும் ஒரு தோல் பட்டையை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டி அனுப்பிவிடுகிறாராம். பழவேற்காட்டுக் கரையில் பொதி ஏற்றும் படகுக்காரர்களில் பாதிப்பேர் இப்போது கோயில் மாடு மாதிரி பட்டையோடு திரிகிறார்கள். மணி ஒன்றுதான் பாக்கி. அவர்களில் சிலர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, "ஒங்க காலத்துல இதுக்கெல்லாம் இன்னாதான் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். உதைத்தோம் என்றேன். சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் நீவினால் சுளுக்குப் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. கால் முன்னால் வரப் பிறந்தவர்களுக்கும் அந்தத் திறமை உண்டு என்பார்கள். அப்படிப் பிறந்த ஒரே ஆளையும் எங்கள் குப்பத்தில் கடல் கொண்டுபோய்விட்டது. ஆகவே எனக்கு இரட்டை பிறந்த அன்றே வேலையும் நிச்சயமாகிவிட்டது. மற்ற தொழில்களில் வருஷக்கணக்காகக் கற்கிறார்கள். என் படிப்பு ஒரே பிரசவத்தில் முடிந்தது. என் தகுதிக்கான அத்தாட்சிகள் இரண்டும் பாலுக்கு அழுதுகொண்டு பாயில் கிடந்தன. உடம்பு தேறுவதற்குள் படகுத்துறையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

படகுத்துறை என்றால், உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் கோட்டைக்குக் கீழே ஏரிக்கரையில் ஓலைக் கொட்டகையும் பத்துப் பன்னிரண்டு படகுகளும். கிடங்கிலிருந்து துணிப் பொதிகளைத் தோளிலும் தலையிலும் சுமந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து படகில் ஏற்ற வேண்டும். பிறகு முகத்துவாரத்து அலையைத் தாண்டி, வெளியே நிற்கும் கப்பலுக்குத் துடுப்புப் போட வேண்டும். திரும்பி வந்து மறுபடி அதையே செய்ய வேண்டும். இதில் ஒருவனுக்குக் கழுத்து வலிக்காவிட்டால்தான் அவனை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எனக்கு மேலாளாக இருந்தவர் தண்டல், அதாவது படகுகளுக்கெல்லாம் தலைவர். அவர் யாரோடு பேசினாலும் அந்த ஆளைப் பார்க்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துப் பேசுவார். மேகத்துக்கு உத்தரவு போடுகிறாரோ என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். "எங்க காலத்துல ஏதுடா கழுத்து வலி?" என்பது அவர் தினசரி வசனம். அந்தக் காலத்தில் மனிதர்களுக்குக் கழுத்தே முளைக்கவில்லை போலிருக்கிறது.

வலி நிஜமா நடிப்பா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. வலி என்று சொன்னவனை உட்காரவைத்துவிட்டு, ஓசைப்படாமல் பின்னால் போய், திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தலையை மட்டும் திருப்பினால் நடிப்பு, போடா படகுக்கு. உடம்போடு சேர்ந்து திரும்பினால் நிஜம், போடா இரட்டைக்காரியிடம். நல்ல முறைதான். ஒரு மாதத்துக்குள் துறையில் இருந்த எல்லோரும் யார் கூப்பிட்டாலும் கதவு திரும்புகிற மாதிரி உடம்போடு திரும்பப் பழகிவிட்டார்கள். எனக்கு வேலை கூடியது.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெண்பிள்ளையின் கால் ஆண்பிள்ளையின் முதுகில் படுவதா என்று முதலில் பெரிய விவகாரம் எழுந்தது. தண்டல் வானத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "கால் படக்கூடாது. வலி போவணும்." அதனால் முதுகின்மேல் பழைய பாய்த்துணியைப் போட்டு, அதன்மேல் காலை வைத்தேன். மரியாதை துணிக்கு மேலே நின்றுகொண்டது, வலி துணிக்குக் கீழே.

கால் பேருக்குத்தான். நீவி நீவிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்துபோனது, வேலை செய்வது கை என்று. ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைப்பேன். அப்போதுதான் கழுத்து ஒரு பக்கம் முறுக்காமல் நேராகத் தொங்கும். வாணலியில் வறுத்த உப்பைத் துணியில் முடிந்து, மண்டைக்குக் கீழிருந்து தோள்பட்டை வரைக்கும் சதை இளகும்வரை ஒத்தடம் கொடுப்பேன். பிறகு விளக்கெண்ணெய். தோள்பட்டை எலும்பின் உள்மூலையில், முதுகுத்தண்டை ஒட்டி, பெரும்பாலும் ஒரு முடிச்சு கிடக்கும். அங்கே கட்டை விரலை வைத்து அழுத்தி, அப்படியே நிற்க வேண்டும். தேய்க்கக்கூடாது. ஆள் "ஐயோ" என்பான். "மூச்ச வுடு" என்பேன். நாலைந்து மூச்சு வெளியே போனதும் முடிச்சு விரலுக்கு அடியில் தளர்வது தெரியும். அதற்குப் பிறகுதான் தலையைத் திருப்பச் சொல்வேன், அதுவும் வலிக்காத பக்கத்துக்கு முதலில். கழுத்தைப் பிடித்துச் சொடுக்குவது என்ற வீரச்செயலை நான் ஒருநாளும் செய்ததில்லை. சொடுக்கு எடுக்கிற கெட்டிக்காரர்கள் பொன்னேரிப் பக்கம் இருந்தார்கள். அவர்களிடம் நடந்துபோய், தூக்கிக்கொண்டு வரப்பட்ட ஒருவனை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் முடிந்தபின், ஆள் எழுந்திருக்கும் முன்னால், காலால் மூன்று தடவை தொட்டுவிட வேண்டும். அது இல்லாவிட்டால் வலி போனதை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒருநாள் தண்டலுக்கே கழுத்துப் பிடித்துக்கொண்டது. வானத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துப் பேசினார். துறையே கலங்கிப்போயிற்று. என் காலடியில் அவர் படுப்பதா? அதுவும் ஆகாது, வலியையும் தாங்க முடியாது. கடைசியில் தன் தலையணையைக் கொடுத்தனுப்பினார். எங்கள் ஊரில் கழுத்துச் சுளுக்கு வந்தால் தலையணையை வெயிலில் காயப்போடுவது வழக்கம். அந்த வழக்கத்தை அவர் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். நான் தலையணையைப் பாயில் கிடத்தி, துணி போர்த்தி, மரியாதையாகக் காலால் நீவினேன். பிறகு வெயிலில் வைத்தேன். மறுநாள் தண்டல் சொன்னார்: "பரவால்ல, எறங்கிடுச்சு." இறங்கியிருக்கும். தலையணை என் வீட்டில் கிடந்த ராத்திரி முழுக்க அவர் தலைக்கு உயரம் இல்லாமல் படுத்திருந்தாரே.

இனி ஏழுமலை.

எங்கள் படகுகளில் துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். முன்பலகையில் உட்காரும் இரண்டு பேருக்கு மட்டும் கூடுதல் வேலை உண்டு. துடுப்பை இழுத்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்து, வருகிற அலையைக் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். அவர்களை அலைபார்ப்பவர்கள் என்போம். அது தலைமுறை உரிமை. கங்கையம்மன் திருவிழாவில் வலப்பக்கத் துடுப்புக்காரனுக்கு முதல் வெற்றிலை, இடப்பக்கத்தானுக்கு இரண்டாவது வெற்றிலை. பெரிய படகில் வலப்பக்கம் ஏழுமலையின் குடும்பம். இடப்பக்கம் கன்னியப்பனின் குடும்பம். இரண்டு பேரும் தோள் உரச உட்கார்ந்தாலும், அப்பன் காலத்திலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் அந்த முதல் வெற்றிலையால்தான்.

ஏழுமலை என்னிடம் வந்தபோது இடது தோளும் கழுத்தும் பாறையாக இருந்தன. ஒத்தடம், எண்ணெய், முடிச்சு எல்லாம் பார்த்தேன். இரண்டு நாள் நன்றாக இருப்பான், மூன்றாம் நாள் திரும்பி வருவான். அடுத்த தடவை வந்தபோது குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். இடது கையால் வாங்கினான். செம்பு கீழே விழுந்தது. அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"எத்தினி நாளா இப்டி?" என்று கேட்டேன்.

"வெரலு மரத்துப் போவுது யக்கா. துடுப்பு கைல கீதா இல்லியான்னே தெரில. தண்டலாண்ட சொல்லிடாத."

முகத்துவாரத்தில் அலைபார்ப்பவனின் துடுப்பு நழுவினால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். பன்னிரண்டு ஆண்களும் பொதியும் அலைக்கு அடியில். அது ஒருபுறம் இருக்கட்டும், கை போன படகுக்காரனுக்கு இந்தக் கரையில் வேறு என்ன வேலை இருக்கிறது? இனி அவன் கழுத்தை நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கோட்டை வைத்தியரிடம் அனுப்பினேன்.

அப்போதிருந்த வைத்தியர் சிவந்த முகமும் எப்போதும் ஒழுகுகிற மூக்குமாக இருப்பார். எல்லா நோய்க்கும் ரத்தம் எடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை. ஏழுமலைக்கும் எடுத்தார். ஆனால் எடுத்து முடித்தபின் கையைத் திருப்பிப் பார்த்து, கழுத்தை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துப் பார்த்து, பேச்சை மொழிபெயர்க்கும் துபாசியிடம் ஏதோ சொன்னார். துபாசி எங்களிடம் சொன்னார்: "கோளாறு கையில இல்லையாம். கழுத்துல நரம்பு நசுங்குதாம். அது நசுங்குறது நிக்கலன்னா கை போனது போனதுதானாம்." ஏன் நசுங்குகிறது என்று கேட்டேன். துபாசி கேட்டுவிட்டு வந்து, "அது ஆண்டவனுக்குத்தான் தெரியுமாம்" என்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன வைத்தியரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவன் துடுப்புப் போடுவதை நேரில் பார்த்தால் காரணம் தெரியும் என்று நினைத்தேன். ஆனால் பெண்பிள்ளை கடல்படகில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. முதுகில் வைக்கலாம், படகில் வைக்கக் கூடாது. அதனால் படகை வீட்டுக்கு வரவழைத்தேன். மணைப்பலகையைப் போட்டு ஏழுமலையை உட்காரவைத்து, கையில் உலக்கையைக் கொடுத்து, "துடுப்பு போடு பாக்கலாம்" என்றேன். கூடவே வந்திருந்த அவன் மனைவி தேசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதலில் வெட்கப்பட்டான். பிறகு உடம்புக்குப் பழக்கம் வந்துவிட்டது. இழுத்தான், சாய்ந்தான், இடது தோளுக்கு மேல் வெடுக்கென்று திரும்பிப் பார்த்தான். இழுத்தான், சாய்ந்தான், திரும்பினான். என் வீட்டுக் கோழிகள் அலையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு தடவையும் அதே இடது தோள், அதே வெட்டுத் திருப்பம். துடுப்பு வலப்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கம் திரும்ப முடியாது. இருபது வருஷமாக இந்த மனிதன் ஒரு பக்கம் மட்டுமே திரும்பியிருக்கிறான்.

எனக்கு உடனே கன்னியப்பன் நினைவுக்கு வந்தான். அவனும் என்னிடம் வந்துகொண்டிருந்தான், வலது தோள் பிடிப்புக்கு. ஒருவர் வலிக்கு மருந்து மற்றவர் இடத்தில் இருக்க, இரண்டு பேரும் தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் எடத்த மாத்திக் குந்துங்க. அவ்ளதான்" என்றேன்.

ஏழுமலை உலக்கையைக் கீழே வைத்தான். "அவன் எடத்துல நானா? கை போனாலும் போவட்டும் யக்கா."

கன்னியப்பனைக் கேட்டேன். "மொத வெத்தலையும் சேத்துக் குடுக்கறானா?" என்றான். தண்டலைக் கேட்டேன். வானத்தைப் பார்த்தார். "பாட்டன் முப்பாட்டன் குந்துன எடம். கழுத்துக்காவ மாத்துறதா? நாளைக்கு முட்டி வலின்னு படகையே மாத்தச் சொல்லுவ." ஆக, மூன்று ஆண்களின் கௌரவமும் சௌக்கியமாக இருந்தது. கை மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே முகத்துவாரத்தில் ஏழுமலையின் கையிலிருந்து துடுப்பு நழுவியது. கன்னியப்பன் தன் துடுப்பை விட்டுவிட்டுப் பாய்ந்து அதைப் பிடித்ததால் படகு பிழைத்தது. கரைக்கு வந்து அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஏழுமலையும் நன்றி சொல்லவில்லை. பேச்சுவார்த்தைதான் கிடையாதே. ஆனால் தேசம்மாவுக்கு விஷயம் எட்டிவிட்டது.

தேசம்மா அழுகிறவள் இல்லை. நேராகத் தண்டலிடம் போய்க் கேட்டாள்: "எடத்த மாத்தக் கூடாது. செரி. பொண்ணுக்குச் சீராக் குடுக்கலாமா?" தண்டல் முதல் தடவையாக ஒரு மனுஷியைப் பார்த்துப் பேசினார் என்று பிறகு சொன்னார்கள். சீராகக் கொடுப்பது வழக்கத்தில் உண்டு. பெண்ணோடு துடுப்பிடத்தையும் சம்பந்திக்குக் கொடுத்தால், பதிலுக்கு அவர்கள் தங்கள் இடத்தைத் தரலாம். இடம்தான் மாறும், முதல் வெற்றிலை உரிமை பெண்ணைக் கொடுத்தவனோடேயே நிற்கும். யாருக்கும் தலை குனியாது. தேசம்மாவின் மகள் பூங்காவனத்துக்கும் கன்னியப்பன் மகனுக்கும் கல்யாணப் பேச்சு முடிந்தது. கன்னியப்பனும் மறுக்கவில்லை. அவன் தோளும் வலித்துக்கொண்டுதானே இருந்தது.

ஊரே மகிழ்ந்தது. பெண்ணைக் கேட்டீர்களா என்று நான் கேட்டேன். அதையும் கேட்க வேண்டுமா என்பதுபோல் பார்த்தார்கள். நானே போனேன். பூங்காவனம் கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குச் சம்மதமா?"

"வாணாம்னு சொன்னா எங்க நைனா கை வந்துருமா அத்தை?" என்றாள். உப்புக் கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். "அவன் கெட்டவன் இல்ல. பேசத்தான் மாட்டான். எங்கூட்ல பேசறவங்கள வச்சிக்கினு இன்னாத்தக் கண்டேன்?"

கல்யாணம் நடந்தது. அடுத்த கப்பலுக்கு இரண்டு சம்பந்திகளும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது. இரண்டு பேரும் பழைய பக்கமே திரும்பித் திரும்பித் தங்கள் துடுப்பிலேயே இடித்துக்கொண்டார்கள். பழகுவதற்குக் கொஞ்சம் நாளாயிற்று. ஏழுமலையின் கழுத்தை நான் தொடவே இல்லை. தோளுக்குச் சூடு, படுக்கும்போது தலைக்குத் தாழ்வான துணிமடிப்பு, வேலை இல்லாத நாளில் தோள் இரண்டையும் மெல்லப் பின்னால் உருட்டச் சொன்னேன். மரத்துப்போன விரல்களில் முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு வலித்தது. வலிக்கிறது என்று அவன் சந்தோஷமாக வந்து சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. வாடைக்காற்று தொடங்கியபோது, என் வீட்டு உலக்கையை இடது கையால் தூக்கிக் காட்டினான். நான் அழுதுவிட்டேன். அதை மறைக்கிற வயதெல்லாம் எனக்கு அப்போதே போய்விட்டது.

உலக்கையைக் கையில் வைத்துக்கொண்டே நன்றி சொல்லத் தொடங்கினான். அம்மனுக்கு, தண்டலுக்கு, ரத்தம் எடுத்த வைத்தியருக்கு, சம்பந்திக்குக்கூட. எனக்கு இரண்டு மடவை மீன். அப்போது பூங்காவனம் உள்ளே வந்தாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடியே வந்தாள்.

"ஒனக்கு இன்னாம்மா கழுத்து?" என்றான் ஏழுமலை சிரித்துக்கொண்டு. "நீ இன்னா அலையா பாக்குற?"

அவளுக்காக நான் சொன்னேன். மருமகள் வந்த அன்றே மாமியார் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேர் கூடை மீனும் ஒரே தலையில், சும்மாட்டுத் துணி தேய்ந்து நூலாகும்வரை, கரையிலிருந்து கோட்டைச் சந்தை வரைக்கும் மணலில். இந்தக் குப்பத்தில் எந்தப் பெண்ணுக்குக் கழுத்து வலி இல்லை? துறையில் எனக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது ஆண்களுக்கு. பெண்கள் உப்பை வறுத்துத் தாங்களே ஒத்திக்கொண்டார்கள்.

"ஒனக்காவ அவ எடத்த மாத்திக்கினா" என்றேன். "அவ எடத்த யாருப்பா மாத்துறது?"

ஏழுமலை உலக்கையை மெல்லச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். தகப்பனிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாமே என்று பூங்காவனம் என்மேல் வருத்தப்பட்டாள்.

மறுநாள் காலை வலைகள் கரைக்கு வந்த நேரம். பெண்கள் கூடைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை மணலில் இறங்கி வந்தான். பூங்காவனத்தின் கூடையைத் தூக்கினான். அவள் தலையில் வைக்கத்தான் தூக்குகிறான் என்று அவளும் குனிந்தாள். அவன் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

பெண்கள் கூடை நிரப்புவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மீன்கூடையை ஆண் தலையில் வைத்தால் படகுக்கு மீன் வராது என்பார்கள் எங்கள் ஊரில். அலைபார்ப்பவன் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல ஒருவரும் இல்லை, ஏனென்றால் அதுவரை எவனும் வைத்ததில்லை. முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

தண்டல் கொட்டகையிலிருந்து வந்தார். "டேய், எறக்குடா. கூடைய எறக்காட்டி அம்மன் சந்நிதில ஒனக்கு வெத்தல கெடையாது. மொத வெத்தலையும் இல்ல, ரெண்டாவதும் இல்ல."

தன் கை செத்துக்கொண்டிருந்தபோதுகூட அந்த வெற்றிலையை விட மாட்டேன் என்ற ஆள் அவன். கூடையோடு அப்படியே நின்றான். மீன் தண்ணீர் முகத்தில் வழிந்தது.

"கன்னியப்பனுக்கே குடுத்துடுங்க தண்டலே" என்றான்.

இடது கையால் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தான். வெறும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பூங்காவனம் அவன் பின்னால் போனாள்.